சாம்பல் நிறத்தில் மூன்று சேலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்பளவில் நலம். உடம்பளவில் என்று ஏன் எழுதினேன் என்பது போகப் போகப் புரியும். நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அந்தக் குளிரில் சளி, காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும். போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். நான் வாயைத் திறந்தாலே "மீட்டிங் இருக்குப்பா, அப்புறம் பேசுறேன்" என்பாய், அந்த அப்புறம் இன்னும் வந்தபாடில்லை. அதனால்தான் காகிதம்.

பயணத்துக்கு நீ சொன்னதெல்லாம் வாங்கியாயிற்று. உள்ளே போடும் கம்பளி பனியன், பனியில் வழுக்காத பூட்ஸ், கையுறை, காதை மூடும் குல்லா. குல்லாவை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன், பேங்க் கொள்ளைக்குக் கிளம்புகிறவன் மாதிரி இருந்தேன். உன் அம்மா பூட்ஸைப் போட்டுக்கொண்டு தினமும் மொட்டை மாடியில் நடந்து பழகினாள், கீழ்வீட்டு டீச்சர் மேலே என்ன இடிக்கிறீர்கள் என்று கேட்டு வந்துவிட்டார். வழிபாட்டு இடங்களில் தலையையும் கையையும் மூட வேண்டும் என்றாய், அதற்கும் துப்பட்டா, முழுக்கை ரவிக்கை எல்லாம் தயார். இதிலெல்லாம் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இன்னொருவர் இடத்துக்குப் போனால் அவர்கள் வழக்கப்படி நடப்பதுதான் மரியாதை, அந்த அளவு எங்களுக்கும் தெரியும்.

என் வயிற்றெரிச்சல் வேறு. "அம்மாவோட கிளிப்பச்சை, ஆரஞ்சு எல்லாம் கொண்டுவர வேண்டாம்பா, இங்க எல்லாரும் அடக்கமான கலர்லதான் இருப்பாங்க, பளிச்சுன்னு வந்தா மரியாதைக் குறைச்சலா நினைப்பாங்க" என்று சொன்னாய் பார், அதைப் பற்றித்தான். பஸ் டிப்போ பார்சல் கவுன்ட்டரில் ஆயுசு முழுக்க நின்றவள் உன் அம்மா, அந்தக் கிளிப்பச்சையால் டிரைவர், கண்டக்டர் எல்லோருக்கும் கிளியக்கா. அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. புதுத்துணி கட்டினால் பழக்கமில்லாமல் தடுக்கி விழுவேன் என்று, இருப்பதிலேயே நல்லதாக மூன்று சேலையை எடுத்துக்கொண்டு சாயம் போடுகிறவரிடம் போனாள். அதில் ஒன்று நீ முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்த ரோஸ். அவர் துணியையும் பார்த்து இவளையும் பார்த்து, "ஏம்மா, வீட்ல ஏதாவது கெட்டது நடந்துடுச்சா?" என்று கேட்டாராம். இவள் சிரித்துக்கொண்டே, மகளைப் பார்க்கப் போறேன் என்றாளாம். மூன்றும் சாம்பலாகி வந்தன. ஆரஞ்சு மட்டும் முழுசாக அடங்கவில்லை, மடிப்புகளில் துரு மாதிரி எட்டிப் பார்க்கிறது. அந்த மடிப்பை உள்ளே வைத்துக் கட்டிக்கொள்வேன், வெளியே தெரியாது என்றாள்.

போன வாரம் மாப்பிள்ளை போட்டோ அனுப்பினார். உன் மாமியார் உங்கள் தெருவில், பனியில் நிற்கிறார். கோட்டு பொத்தான் போடாமல் திறந்து கிடக்கிறது, உள்ளே சிவப்புக் கரை போட்ட மஞ்சள் சேலை, கண் கூசுகிறது. அக்கம்பக்கத்தார் சுற்றி நிற்கிறார்கள், நரைமுடி அம்மாள் ஒருத்தி முந்தானையைத் தொட்டுப் பார்த்துச் சிரிக்கிறாள். யார் முகத்திலும் மரியாதை குறைந்ததாகத் தெரியவில்லை. பக்கத்தில் நீயும் நிற்கிறாய், அவர் தோளில் கை போட்டுக்கொண்டு. சொந்தமாகக் கடை வைத்திருப்பவர் கட்டினால் அழகு, பார்சல் மூட்டை தூக்கினவள் கட்டினால் அசிங்கமா? இதைக் கேட்க எனக்கே வாய் கசக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

அம்மா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "அவங்களுக்கு மஞ்ச நல்லா எடுக்குது" என்றாள், அவ்வளவுதான். மறுநாள் காப்பி கொடுக்கும்போது, "கலர் அந்த ஊருக்கு வேண்டாமா, இல்ல அவளுக்கே வேண்டாமா?" என்று கேட்டாள். நான் பேப்பரைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து பெட்டி திறந்தபடி கிடக்கிறது, அவள் அந்தப் பக்கமே போவதில்லை. பாப்பாவுக்கு என்று பின்னிய ஸ்வெட்டரில் ஒரு கை மட்டும் பாக்கி, அதையும் தொடவில்லை.

இதை நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும், சுற்றி வளைக்காமல் எழுது. உடைதான் உனக்குத் தொந்தரவு என்றால் சொல், நீ என்ன கொடுத்தாலும் அவள் கட்டிக்கொள்வாள், நான் பார்த்துக்கொள்கிறேன். அவளே தொந்தரவு என்றால் அதையும் எனக்கு மட்டும் சொல். டாக்டர் என்னை விமானம் ஏறக் கூடாது என்கிறார், நெஞ்சில் ஏதோ கோளாறாம் என்று அவளிடம் பொய் சொல்லிப் பயணத்தை நிறுத்திவிடுகிறேன். என்னைத் தனியாக விட்டுவிட்டு வர மாட்டாள், அது எனக்குத் தெரியும். பேத்தியை ஒரு தடவைகூடத் தூக்க விடவில்லையே என்று ஆயுசுக்கும் என்னைத் திட்டட்டும், உன் மேல் அவளுக்கு வருத்தம் வர வேண்டாம்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். பாப்பாவுக்கு என் முத்தம். மறந்துவிடாதே, பதிலை வீட்டுக்குப் போடாதே, டிப்போ டயர் செக்‌ஷன் முகவரிக்குப் போடு, அங்கே என் கையில் கொடுத்துவிடுவார்கள். உன் கையெழுத்தைப் பார்த்தால் அம்மா ஆசையாகப் பிரித்துவிடுவாள்.

இப்படிக்கு,
உன் அப்பா