கடை வாசல் குழிக்கு யாரும் வாங்காத ஸ்டே

அனுப்புநர்:
சீருடைத் தையல் கடை உரிமையாளர்,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்து.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: என் கடை வாசலில் தோண்டிய குழியை மூடக் கோருதல்; ‘ஸ்டே’ என்னும் சொல்லின் பொருளைத் தங்கள் அலுவலர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பள்ளிச் சீருடை தைத்துப் பிழைப்பவள். பள்ளி திறக்கும் இந்தப் பருவத்தில் கிடைக்கும் வேலைதான் ஆண்டு முழுதும் எங்கள் வீட்டு அடுப்பை எரிய வைக்கிறது. சென்ற மாதம் தங்கள் ஊழியர்கள் கழிவுநீர்க் குழாய் பதிக்க வந்து, என் கடை வாசலை ஒட்டி நெஞ்சளவு ஆழத்துக்குக் குழி தோண்டினார்கள். குழாய் வந்தால் நல்லதுதானே என்று நானே அவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

2. குழி பக்கத்து வீட்டை நெருங்கியது. அந்த வீட்டுக்காரர் நீதிமன்றத்தில் டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவர். நீதிபதிக்கு முன்னால் நடந்து கூட்டத்தை அடக்கிய அதே குரல்தான் வீட்டிலும். அவருடைய வாசற்படி தெருவுக்குள் இரண்டு முழம் நீண்டிருக்கிறது. தோண்டினால் படி போய்விடும். எனவே வாயில் பல்துலக்கியோடு வெளியே வந்து, “நிறுத்துங்கய்யா! ஸ்டே வாங்கியாச்சு!” என்று ஒரு சத்தம் போட்டார். தங்கள் மேஸ்திரி கடப்பாரையை அப்படியே கீழே போட்டுவிட்டார். உத்தரவு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏன் என்று நான் மேஸ்திரியைக் கேட்டதற்கு, “ஸ்டேன்னு காதுல விழுந்தா கையில இருக்கிறதைக் கீழ போட்டுடணும்மா. மேல கேள்வி கேட்டா கோர்ட்டு அவமதிப்பாயிடும். எங்க ஆபீஸ் வழக்கம் அதான்” என்றார். போனவர்கள் போனவர்கள்தான்.

3. என்னிடம் கறுப்பு அங்கி தைக்கும் வக்கீல் அம்மாவிடம் இதுபற்றிக் கேட்டேன். ஸ்டே என்பது ஒரு காரியத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க நீதிமன்றம் எழுத்தில் தரும் உத்தரவு என்றும், வாயில் பல்துலக்கியோடு வாசலில் நிற்பவர் அதைத் தர முடியாது என்றும் அவர் விளக்கினார். நீதிமன்ற அலுவலகத்திலும் விசாரித்தேன். “அப்படி ஒரு கேஸே இல்லம்மா” என்றார்கள்.

இதைச் சொல்லத் தங்கள் உதவிப் பொறியாளரிடம் ஓடினேன். அவர் நிதானமாக, “அப்போ ஸ்டேயை நீக்கிட்டு வாங்க, உடனே ஆள் அனுப்புறேன்” என்றார். மறுபடியும் நீதிமன்றம். “கொடுக்காத ஸ்டேயை எப்படிம்மா நீக்குறது?” என்று கேட்டுச் சிரித்தார்கள். ஐயா, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

4. இந்தச் சொல் எங்கள் சந்தில் படும் பாட்டையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். ஒட்டடை அடிக்கச் சொன்னால் என் கணவர், “அதுக்கு ஸ்டே இருக்கு” என்கிறார். என் மகள் கணக்குப் பாடத்துக்கு வாங்கியிருக்கிறாள். என் நாத்தனார் தன் மாமியார் வருகைக்கே ஸ்டே போட்டாள். அந்த அம்மையாரோ எதையும் காதில் வாங்காமல் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார். ஸ்டேக்கு அஞ்சாதவர் எங்கள் சந்தில் அவர் ஒருவர்தான்.

5. குழிக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் வாடிக்கையாளர்கள்; என்னைப் போல் குழியில் இறங்கி ஏற அவர்களுக்கு என்ன தலையெழுத்து? அளவு நாடாவைச் சுருட்டி எறிவேன். அவர்களே அளந்து, அங்கிருந்தே கத்துவார்கள். தெருவே கேட்கும்படி இடுப்பளவை உள்ளபடி சொல்ல யாருக்கு ஐயா மனம் வரும்? உடற்பயிற்சி ஆசிரியர் சொன்ன அளவுக்குத் தைத்த கால்சட்டை அவர் தொடையைத் தாண்டி ஏறவில்லை. ஏச்சு வாங்கியது நான். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் குழியை எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த தெருக் கடைக்குப் போனாள். எந்த முகத்தோடு அவளைக் கூப்பிடுவது? அன்றைக்குத்தான் என் கணவர் ஒரு பழைய கதவைக் கழற்றிக் குழிக்குக் குறுக்கே பாலமாகப் போட்டார். கூட்டம் மெல்லத் திரும்பியது.

6. நேற்று தங்கள் ஆக்கிரமிப்பு அகற்றும் பிரிவினர் வந்தார்கள். கதவு அனுமதியின்றி வைக்கப்பட்டதாம். அதன் அடியிலிருந்த குழி மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை. இருவர் ஆளுக்கொரு பக்கம் தூக்கிவிட்டார்கள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, “கையை எடுங்க! ஸ்டே இருக்கு!” என்று கத்திவிட்டேன். கதவு மெதுவாகக் கீழே இறங்கியது. கோணலாக இருந்ததை ஒருவர் நேராக்கி, மேலே ஏறி நின்று ஆடுகிறதா என்றும் பார்த்துவிட்டுப் போனார். டவாலி அண்ணன் மட்டும் ஜன்னலிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு கடைக்குள் போய்விட்டேன்.

7. ஐயா, என்னிடம் எந்த ஸ்டேயும் கிடையாது. இதைத் தாங்கள் படித்ததும் கதவை எடுக்க ஆள் வரக்கூடும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கடை நடத்த எனக்குப் பிடிக்கவில்லை. முதலில் குழியை மூடச் சொல்லுங்கள். பிறகு கதவை நானே தூக்கிக் கொடுக்கிறேன். முன்பின் மாறினால், இந்த ஆண்டு என் கடையும் மூடவேண்டியதுதான்.

மண் தள்ள வருபவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வருமாறு உத்தரவிடவும் கேட்டுக்கொள்கிறேன். பஞ்சு என் கடையில் உண்டு.

தங்கள் நடவடிக்கையை வாசலிலேயே எதிர்நோக்கும்,
தையல்காரி
(ஒப்பம்)

இடம்: குழிக்கு இந்தப் பக்கம்
நாள்: பள்ளி திறப்பதற்கு முந்தைய திங்கட்கிழமை