அரிசி மூட்டையும் முன்சில்லும்

1991 பெப்ரவரி 9, சனிக்கிழமை, ஈஸ்ட் ஹாம், லண்டன். நேற்றுப் பெய்த பனி தெருவில் கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கிறது.

இஞ்சருங்கோ,

இரவு வேலை செய்து களைத்து நித்திரை கொள்கிறீர்கள், எழுப்பவில்லை. மீன்குழம்பு அடுப்பில் இருக்கிறது. நான் பகல் ஷிப்டுக்குப் போகிறேன்.

நேற்று ரயில் பாலத்து ஏற்றத்தில் கார் வழுக்கி நின்றபோது, "முன்சில்லு இழுக்கிற கார்தான் பனிக்கு நல்லது எண்டு சொன்னனீர், இப்ப இறங்கித் தள்ளும்!" என்றீர்கள். தள்ளினேன். வீட்டுக்கு வந்ததும் காரை பெனடிக்ற் அண்ணைக்கு விற்பதாகச் சொல்லிவிட்டீர்கள். இன்று நாலு மணிக்கு அவர் பார்க்க வருகிறார். திங்கள் முதல் ஆஸ்பத்திரியில் எனக்கு அதிகாலை ஷிப்ட். அந்த நேரத்தில் ரயில் இல்லை. கார் போனால் வேலையும் போகும்.

இரவு யோசித்துப் பார்த்தேன். பழைய காரைத் தள்ளியது பின்சில்லு. அதனால் பனிக்காலத்தில் பின்னால் இரண்டு அரிசி மூட்டை ஏற்றுவீர்கள்; பாரத்தில் சில்லு நிலத்தைப் பிடிக்கும். பழக்கத்தில் புதுக் காரிலும் அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள். இதை இழுப்பது முன்சில்லு; பின்னால் பாரம் கூடினால் முன்பக்கம் லேசாகி வழுக்கும். நீங்கள் சொல்லும் அகல ரயரும் வேண்டாம். அது பனிக்கு மேலே மிதக்கும். ஆழமான வெட்டுள்ள ஒடுங்கிய ரயர்தான் பனியை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும்.

மூட்டைகளை இறக்கிக் கதவடியில் வைத்திருக்கிறேன். உள்ளே எடுத்து வைக்கும்போது இடுப்பு கவனம், மெதுவாகத் தூக்குங்கள்.

வசந்தமலர்

பி.கு.: மூட்டை இல்லாமல் காரைப் பாலம்வரை ஓடிப் பார்த்துவிட்டு வந்தேன். கார் நிற்காமல் ஏறியது. பெனடிக்ற் அண்ணைக்கு டெலிபோன் எடுத்தேன். "என்ன தங்கச்சி, அவர் விக்கிறன் எண்டெல்லோ சொன்னவர்?" என்று சிரித்தார். விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.