இரணைமடுவும் எங்கள் ஏரியும்

அக்கா,

இன்று காலை கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும்போது ஏரிப் பக்கமிருந்து காற்று அடித்தது. புதுத் தண்ணீரின் வாசனை. சேறும் கோரைப்புல்லும் ஊறிய அந்த வாசனைக்கு நீ மூக்கைச் சுளிப்பாய். "இதெல்லாம் ஒரு தண்ணி வாசமே பிள்ளை? எங்கட குளத்தில தாமரை மணக்கும்" என்பாய். எனக்குச் சுர்ரென்று ஏறும். "அப்போ உங்க கொளத்துலயே போய் மூஞ்சி கழுவிக்கினு வா. பஸ்ஸு வந்துச்சு, ஏறு" என்பேன். இன்று உன் சீட்டில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டு வந்தாள். அவளை எழுப்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அகதி முகாமிலிருந்து எங்கள் தெருவுக்கு நீ குடிவந்தது நல்ல கோடையில். பென்னலூர் ஏரி காய்ந்து, பையன்கள் நடுவில் ஸ்டம்ப் நட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். "இந்த மைதானம் ஆருக்குச் சொந்தம்?" என்று என்னைக் கேட்டாய். "மைதானமா? யக்கா, அதான் ஏரி" என்றேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நம் சிநேகமும் சண்டையும் அந்தச் சிரிப்பில்தான் ஆரம்பித்தன.

ஒரகடத்துக் கம்பெனியில் ஒரே லைனில் எதிரெதிரே நின்று ஒயர் கட்டுவோம். உன் கை டேப் சுற்றும், வாய் தண்ணீரைப் பற்றியே பேசும். இரணைமடுக் குளத்தின் கரைக்கட்டில் நின்றால் எதிர்க்கரை கண்ணுக்கு எட்டாது. ஆனையிறவின் உப்புநீர்க் களப்பில் கோடையில் நடந்து போகலாம், மாரியில் அது கடலாகிவிடும். மட்டக்களப்பு வாவியிலோ மீன் பாடும். "மீனு பாடுதா? யாருகிட்ட பாட்டு கத்துக்கிச்சாம்? அளந்து வுடுக்கா, கேக்கறதுக்குத்தான் நான் ஒருத்தி கீறனே" என்பேன். "விசரி, நீ ஒருக்கா வந்து பார். வாயடைச்சுப் போவாய்" என்பாய். சூப்பர்வைசர் இருமிக்கொண்டே வந்து நம் பின்னால் நிற்பார்.

ஊருக்குப் போக வேண்டும் என்று வருஷா வருஷம் சொன்னாய். பேப்பர் சரியாகட்டும், மகள் கல்யாணம் முடியட்டும், பேரன் பிறக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறக்காமலே, "இரணைமடு வான் பாயுதாமோ?" என்று கேட்டாய். குளம் நிரம்பி வழிவதை உங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். "பாயுதுக்கா, ஜோரா பாயுது" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீ சிரித்தாயா, முனகினாயா, தெரியவில்லை.

நீ எங்களை விட்டுப் போன பிறகு என்னை அரித்துக்கொண்டே இருந்தது இதுதான். இத்தனை வருஷம் எங்களோடு உண்டு, உழைத்து, எங்கள் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் முன்னால் நின்றாயே, அது வாழ்ந்ததா, இல்லை வேறு வழியில்லாமல் காத்திருந்ததா? நாங்கள் உனக்கு யார்? இதை யாரிடம் போய்க் கேட்பது?

முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு உன் தம்பி கிளிநொச்சிக்கு அழைத்தார். உன் மகள் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, "நீ போய்ட்டு வா சித்தி. அம்மா சொன்ன தண்ணிய யாராச்சும் பாக்கணும்" என்றாள். பாஸ்போர்ட்டெல்லாம் எடுத்துக்கொண்டு போனேன் அக்கா, நான்! திருப்பதிக்கு அந்தப்பக்கம் பார்க்காதவள்.

கிளிநொச்சிக்குப் போகிற வழியில் ஆனையிறவைத் தாண்டும்போது ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று தண்ணீர். வானம் எங்கே முடிகிறது, களப்பு எங்கே தொடங்குகிறது என்று ஒரு கோடுகூட இல்லை. நடுவில் பறவைகள் ஆகாயத்தில் நிற்பதுபோல் நின்றன. அப்புறம் இரணைமடு. கரைக்கட்டில் ஏறியதும் உன் தம்பியிடம், "இது கடலா தம்பி?" என்று கேட்டுவிட்டேன். மதகுக் கதவுகளைத் திறந்து விட்டிருந்தார்கள். தண்ணீர் விழுகிற சத்தத்தில் காலடியில் மண் அதிர்ந்தது, என் நெஞ்சும் சேர்ந்து அதிர்ந்தது. மனுஷர் மண் சுமந்து கட்டிய கரை இத்தனை தண்ணீரைத் தாங்குமா? அம்மாடி! வாயடைத்துத்தான் போனேன். நீ ஜெயித்தாய் அக்கா.

எங்கள் ஊரில் ஏரி கோடி போனால், அதாவது நிரம்பி வழிந்தால், பெண்கள் மஞ்சளும் குங்குமமும் வளையலும் தண்ணீரில் விடுவோமே, அதைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போயிருந்தேன். இங்கே செய்யலாமா கூடாதா என்று தயங்கிப் பையைத் திறந்தேன். உன் தம்பி பார்த்துவிட்டு, "எங்கட அக்கா அங்க செய்யிறதுதானே? செய்யுங்கோ" என்றார். இவருக்கு எப்படித் தெரியும் என்று திகைத்தேன்.

காரியச் சாப்பாடு முடிந்ததும் சொந்தக்காரர்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். "உங்கட ஏரி பெருங்கடல் மாதிரியாமே?" என்றார் ஒருவர். "அதில விடியக்காலமை ஆயிரக்கணக்கில கொக்கு வருமாமே?" என்றார் உன் தம்பி மனைவி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் ஏரியா? கம்பெனிச் சுவர்களுக்கு நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற பென்னலூர் ஏரியா? "யாரு சொன்னா?" என்றேன். உன் தம்பி, போன மழைக்கு நீ அனுப்பிய வீடியோவைப் போட்டுக் காட்டினார்.

கோடி போகிற தண்ணீரில் கணுக்கால் நனைய நின்று மஞ்சள் தூவுகிறாய். "தம்பி, பாரடா எங்கட ஏரிய! கோடி போகுது! உங்கட குளம் இன்னும் நிரம்பேல்லையாம், எங்களுக்கு நிரம்பி வழியுது" என்று கத்துகிறாய். பின்னால் என் குரல் உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறது. நீ போனை என் பக்கம் திருப்புகிறாய். "எப்ப வாறாய், எப்ப வாறாய் எண்டு கேக்கிறாய். வருவன், குளத்தைப் பாக்க வருவன். பாத்திட்டு இஞ்சதான் திரும்பி வருவன். இவளை விட்டிட்டு நான் எங்க போறது?"

அந்த வீட்டில், அத்தனை பேர் நடுவில், வெட்கமில்லாமல் ஓவென்று அழுதேன். உன் தம்பி மனைவி என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

திரும்பி வந்த மறுநாள் ஏரிக்கரையில் ஏறினேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற தண்ணீர்தான். வெயில் பட்டுக் கரைக்குக் கரை மினுங்கியது, வெள்ளைக் கொக்குகள் கூட்டமாக இறங்கின. எவ்வளவு பெரியது அக்கா எங்கள் ஏரி! நீ சொல்கிறவரை எனக்குத் தெரியவே இல்லையே. அங்கே வந்த ஒரு பெரியவர், "இன்னாம்மா, தனியா நின்னுகினு கீற? யாரு வூட்டுப் பொண்ணு?" என்றார்.

உன் பெயரைச் சொல்லி, அவள் தங்கச்சி என்றேன்.