டீசலில் தண்ணீர்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை இரவு

சின்னு, உன் ஷேர் ஆட்டோவை இன்றைக்கு மெக்கானிக் ஷெட்டில் ஸ்டார்ட் பண்ணினார்கள். லாரி இடித்த பின்பக்கத்தைத் தட்டிச் சரிசெய்தாயிற்று. ஆனால் நின்ற இடத்தில் இன்ஜின் குளிர்க்காய்ச்சல் வந்த மாதிரி உதறுகிறது. ஆக்ஸிலேட்டரை விட்டால் அணைந்துபோகிறது.

மெக்கானிக் டீசல் ஃபில்டரைக் கழற்றி, அதில் இருந்ததை ஒரு பாட்டிலில் ஊற்றினார். மேலே டீசல், அடியில் இரண்டு விரல் அளவுக்குத் தண்ணீர்.

"யக்கா, இது பங்க்ல போட்ட டீசல் இல்ல. லாரிக்காரங்க தண்ணி கலந்து கம்மி வெலைக்கு கேன்ல விக்கிறாங்களே, அது. அதான் வண்டி நின்னா ஆஃப் ஆவுது," என்றார்.

கேன் வாங்கிவந்து ஊற்றுவது உன் மாமன்தான். என் கூடப் பிறந்தவன். பக்கத்தில்தான் நின்றான்.

"மழைத்தண்ணி எறங்கியிருக்கும்க்கா," என்றான்.

"மூடி டைட்டா கீதுப்பா," என்றார் மெக்கானிக்.

"சரி, இப்ப அத்த நோண்டி இன்னா ஆவப்போது? வண்டிய வித்துட்டு வேலையப் பாப்போம்க்கா."

வடக்குப்பட்டுத் திருப்பத்தில் வண்டியை நடு ரோட்டில் ஆஃப் பண்ணி நீயே சாவைத் தேடிக்கொண்டாய் என்று ஊரெல்லாம் சொன்னவன் இவன். உன் காரியத்துக்கு வந்தவர்களிடமும், பையனுக்கு ஓட்டத் தெரியவில்லை என்றுதான் சொன்னான்.

ராத்திரி வீட்டில் சோறு போடும்போது, வண்டியை விற்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டான். போகட்டும்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும், சின்னு. வண்டி நின்றால் அணைந்துபோகிறது என்று நீ அவனிடம் முன்னாலேயே சொல்லியிருந்தாயா?