புச்சி வெளியே போகாது

ஜூன் 17

இதோசே சுமியே அம்மையார் அவர்களுக்கு,

மழைக்காலம் பிறந்துவிட்டது, அனைவரும் நலமா என்று தொடங்குவதுதான் முறை. அந்த முறையெல்லாம் இன்று எனக்கு வராது. இருபத்தாறு வருடம் வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டவள்தான். இன்று அதை எழுதக் கை கூசுகிறது. அதனால்தான் உங்கள் வீட்டு வாசலில் மாட்டியிருப்பதுபோல முழுப்பெயர்.

ஷியோரி இன்னும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறாள். பதினோராம் தேதி காய்ச்சல் கண்டது. பதிமூன்றாம் தேதி நம் தீவிலிருந்து ஹெலிகாப்டரில் கடல் தாண்டி இந்த மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். இரத்தம் உறைவதற்கு வேண்டிய அணுக்கள் பாதாளத்துக்கு இறங்கிவிட்டனவாம். பல் ஈறிலிருந்து கசிகிறது. என் மகளுக்கு இருபத்து நான்கு வயது. மருத்துவர் பூனைகளுக்கு ஊசி போடும்போது பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்கிறவள் அவள், வேறு ஒரு பாவமும் செய்யவில்லை.

இரண்டாம் தேதி உங்கள் புச்சியை அவள் வேலை பார்க்கும் கிளினிக்குக் கொண்டுபோனீர்கள். கண் மஞ்சளித்து, சாப்பிடாமல் கிடந்தது. பூனை வெளியே போகுமா என்று படிவத்தில் கேட்டிருந்தது. "வெளிய காலே வைக்காதுங்க, ஜன்னல் பக்கம்கூடப் போகாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்களாம். வெளியே திரியும் பூனைக்கு இந்த அறிகுறி என்றால், அவர்கள் முழு அங்கி மாட்டி, கண்ணுக்கும் மறைப்பு போட்டுத்தான் தொடுவார்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனை என்றதால் மெல்லிய கையுறை போதும் என்று விட்டார்கள். இரத்தம் எடுக்கையில் புச்சி திரும்பி அவள் பெருவிரலில் கடித்தது. நான்காம் தேதி அது செத்தது. உண்ணிக் காய்ச்சல் என்று பிறகு முடிவு வந்தது. நீங்கள் அதற்குள் ஒசாகாவில் உங்கள் மகன் வீட்டில் இருந்தீர்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தீர்கள். எதற்கென்று எனக்குத் தெரியாதா? முன்பு நம் மலையின் அரிய காட்டுப்பூனை ஒன்றின் இரத்தத்தில் வீட்டுப்பூனையின் நோய் கிடைத்ததிலிருந்து, பூனைகளை உள்ளே வையுங்கள், வெளியே விட்டால் மலையில் இருப்பவை அழிந்துபோகும் என்று சொல்லிச் சொல்லி காட்டுப்பூனைக் காப்பகத்துக்காரர்களுக்கு வாய் வலித்துவிட்டது. போன வருடத்துக்கு முந்தைய வருடம் வீடு வீடாக அறிவிப்பு அட்டை வந்தது. எங்கள் வீட்டுப் பூனை வெளியே போகாது என்று எல்லாரும் கையெழுத்துக்குப் பதில் பெயர் முத்திரை குத்தினோம். முத்திரை காயும் முன்பே புச்சி உங்கள் வேலியைத் தாண்டியது. மலையடிவாரத்தில் உங்கள் தேன்பெட்டிகளுக்கு நடுவே படுத்துக் கிடக்கும். உடம்பெல்லாம் உண்ணியோடு வரும். நீங்கள் அதை மடியில் போட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கி, இரண்டு கட்டைவிரல் நகத்துக்கு நடுவில் வைத்து நசுக்குவீர்கள். என் சமையலறை ஜன்னலிலிருந்து எத்தனை முறை பார்த்திருக்கிறேன்.

இப்போது சுகாதார நிலையத்துக்காரர் போன் செய்து கேட்டதற்கும் அதே பதில் சொல்லியிருக்கிறீர்கள். கூடவே, "நான் அதத் தொடவே இல்ல, கூடையோட தூக்கிட்டுப் போனேன்" என்று வேறு. கடைசி மூன்று நாள் அதன் வாயைத் துடைத்து, தேனை விரலில் தொட்டு நாக்கில் தடவியது யார்? அந்தக் கைக்கு உறைகூட இல்லை.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் இந்தக் கடிதமும் உங்கள் படிவம் மாதிரி ஆகிவிடும். அன்று மதியம் ஷியோரி எனக்குப் போன் செய்தாள். "அம்மா, புச்சி இப்பவும் வெளிய சுத்துதா?" என்று கேட்டாள். ஊர்த் தலைவர் மனைவி நான். முத்திரைகளைச் சரிபார்த்து வாங்கியவளும் நான்தான். தினமும் காலையில் என் பின்கட்டில் மீன் தலைக்கு வந்து நிற்கும் பூனையைப் பற்றித்தான் கேட்கிறாள். "சுமியே அக்கா சொல்றது சரிதான்டி, வீட்டோடதான் இருக்கு" என்றேன். என் வார்த்தையை நம்பித்தான் என் மகள் அந்த மெல்லிய கையுறையை மாட்டினாள். உங்களை வெறுக்கும்போதெல்லாம் பாதி வெறுப்பு என்மேல் திரும்பி விழுகிறது. அதற்காக உங்கள் பாதி குறைந்துவிடவில்லை.

நேற்று நான் மருத்துவரிடமும், கிளினிக்கிலும், சுகாதார நிலையத்திலும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் கணவர் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. ஊர் சிரிக்கட்டும்.

இதை விரைவு அஞ்சலில் அனுப்புவதற்குக் காரணம் ஒன்று உண்டு. நான் கூப்பிட்டால் நீங்கள் போன் எடுப்பதில்லை. நேற்று உங்கள் மகன் கெனிச்சிதான் எடுத்தான். "அம்மாவுக்கு ரெண்டு நாளா காய்ச்சல், சித்தி. வெறும் சளிதான், மாத்திரை போட்டுத் தூங்குறாங்க. வயிறுதான் கொஞ்சம் சரியில்ல" என்றான். ஷியோரிக்கும் இப்படித்தான் தொடங்கியது. உண்ணிக் காய்ச்சலாக இருக்கும், உடனே அழைத்துப் போ என்று கத்தினேன். "அம்மா பூனையத் தொடவே இல்லையாம், சித்தி, நீங்க பதட்டத்துல பேசுறீங்க" என்று வைத்துவிட்டான். உங்கள் பொய்யை ஊரில் யாரும் நம்பவில்லை. பெற்ற பிள்ளை மட்டும் நம்புகிறான்.

கெனிச்சி, கடிதத்தை நீ பிரித்திருந்தால், நசுக்கிய உண்ணியைப் பற்றி எழுதிய இடத்தை மருத்துவரிடம் காட்டு. அது போதும்.

இன்று விடியற்காலையில் ஷியோரி கண் விழித்தாள். நர்ஸ் காதைக் கிட்டே கொண்டுபோனதும், "சுமியே பெரியம்மாவுக்கு ரத்தம் பாத்தாச்சா?" என்று கேட்டாளாம். அதைக் கேட்டு எனக்கு மனம் இளகும் என்று நினைத்தீர்களா? கோபம்தான் வந்தது. அவள் பிழைத்தால் அவள் உங்களை மன்னிப்பாள், அப்படிப்பட்டவள். நான் மாட்டேன். உங்கள் வீட்டு வேலியருகில் நின்று, அண்டை அயல் எல்லாம் கேட்க, உங்களை வாய்க்கு வந்தபடி திட்டவேண்டும். அதற்கு நீங்கள் ஊருக்கு உயிரோடு திரும்பி வரவேண்டும்.

வெளியே போகும் பூனை, வெறுங்கையால் தொட்டேன் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த ஒரு வரிக்காக யாரும் உங்களைத் தூக்கில் போடமாட்டார்கள். இதைப் படித்து முடித்ததும் போங்கள். செருப்பு மாட்ட நேரமில்லை என்றாலும் போங்கள், அக்கா.

அபிரு மசாயோ