கம்பி கட்டிய சாவி

அவசரப் பிரிவில் காலை டூட்டிக்குக் கிளம்பும் முன், நர்ஸ் அடுப்பு மேடையில் வைத்தே சீட்டை எழுதினாள். உள்ளே கணவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். "ஊர்ல எல்லார் வண்டியும் இப்படித்தான் ஓடுது, உனக்குத்தான் ஓயாத பயம்" என்று நேற்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவன்.

"சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். காலையிலயே மெக்கானிக் வருவார். பின் டயர் மொட்டையாயிடுச்சு, பிரேக்கும் சரியாப் பிடிக்கல. போன தடவை மாதிரி 'அப்புறம் பாத்துக்கலாம்'னு அவரத் திருப்பி அனுப்பிடாதீங்க."

அனுப்பிவிடுவான். சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். சாவியை ஹெல்மெட்டுக்குள் போட்டு வைத்தும் பார்த்தாள். சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். இன்று சாவியை ஹெல்மெட் வாரோடு சேர்த்துக் கம்பியால் முறுக்கிக் கட்டிவிட்டாள்.

"வேலை முடிஞ்சதும் மெக்கானிக்கே கம்பிய எடுத்து விடுவார். கட்டிங் பிளேயர ஒளிச்சு வைக்கல. ஒளிச்சா பல்லால கடிச்சாவது எடுத்துடுவீங்க.

நேத்து பைக்ல விழுந்து வந்த ஒருத்தரோட சட்டையக் கத்தரிச்சுத்தான் கழட்டினோம். உங்களத் தூக்கிட்டு வந்தா, கத்தரி என் கையிலதான் இருக்கும்."

கடைசி இரண்டு வரியை எழுதிய வேகத்திலேயே அடித்தாள். அடித்தும் எழுத்து தெரிந்தது. வேறு தாள் தேடத் தெம்பில்லை.

பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவள், செருப்போடு திரும்பி வந்தாள். சீட்டில் இடமில்லை. அடி ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்:

"கம்பி முனை கூரா இருக்கு. வெட்டும்போது கையக் கிழிச்சுக்காதீங்க."