ஒரு மழை பார்க்காத குழி

அக்டோபர் 5, ஞாயிறு

வெயில். புரட்டாசி முடியப் போகிறது, இன்னும் இப்படிக் கொளுத்தினால் எப்படி? கோயிலில் மின்விசிறி இரண்டும் சுற்றின, காற்றுதான் வரவில்லை.

ஆராதனையில் எல்லாரும் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது வழக்கம்போல அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். சரீரம் உயிர்த்தெழும் என்கிற இடம். தை மாதம் வீட்டுக்காரரை அடக்கம் பண்ணியதிலிருந்து இதே கதைதான். பாவமன்னிப்பு வரைக்கும் சத்தமாகச் சொல்லுவேன், அப்புறம் தொண்டையைச் செருமுவேன், கடைசியில் ஆமென் மட்டும். பக்கத்தில் யாரும் கவனித்த மாதிரி இல்லை. ஆண்டவர் கவனித்திருப்பார். கவனிக்கட்டும். நம்பிக்கை இல்லாமல் இல்லை. முப்பது வருஷம் கூட இருந்த மனிதரை மண்ணுக்குள் வைத்து மூடியதை இரண்டு கண்ணாலும் பார்த்தாயிற்று. அதற்குப் பிறகு அதைச் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

மத்தியானம் கொழுந்தன் தங்கராஜ் மஸ்கட்டிலிருந்து வந்து இறங்கினான். நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வரும்போது அரை டிராயரோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவன். இப்போது தலை முழுக்க நரை. அண்ணன் அடக்கத்துக்குக் கம்பெனியில் லீவு கொடுக்கவில்லை, வீடியோவில்தான் பார்த்தான். வாசலில் பையை வைத்துவிட்டு "மதினி" என்றான். பையை நான் உள்ளே எடுத்துப் போனேன்.

கொண்டு வந்தது: பேரீச்சம்பழம், தலைவலித் தைலம், ஒரு பெரிய டார்ச் லைட். லீவு 22 வரை.

ஸ்தோத்திரம்: அவன் பத்திரமாக வந்தது. ரசம் நன்றாக அமைந்தது.

அக்டோபர் 7, செவ்வாய்

காலையில் காட்டுக்கு. உளுந்து புழுதிக்குள் போட்டது போட்டபடி கிடக்கிறது. மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பதுதான் எங்கள் பக்கத்து விவசாயம். மழை விழுந்த பிறகு கரிசலில் கால் வைக்க முடியாது, அப்புறம் எங்கே விதைக்க? போன வருஷம் வரை இந்தக் கவலையெல்லாம் அவருக்கு. இந்த வருஷம் நான் நின்று விதைத்தேன். எறும்பு வரிசை வரிசையாக வந்து விதையைத் தூக்கிக்கொண்டு போகிறது.

வீட்டுக்கு வந்தால் த.ராஜ் ஒரு குண்டைப் போட்டான்.

"மதினி, அண்ணனுக்கு கிரானைட்டுல கல்லறை கட்டணும். கோவில்பட்டியில போய் கல்லு பாத்துட்டு வந்துட்டேன்."

"இப்பமா?"

"நான் போறதுக்குள்ள."

"குழி இன்னும் ஒரு மழை பாக்கலையே தம்பி."

அவனுக்குத் தெரியாததா? இங்கே பிறந்தவன்தானே. கரிசல் காய்ந்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் பொங்கும். புதுக்குழி ஒரு மழைக்காலம் தாண்டி, அமுங்க வேண்டியது அமுங்கின பிறகுதான் மேலே கல் வைப்பது. கொத்தனார் சொன்னார். கோயில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை சொன்னார். மகள் பெங்களூரிலிருந்து போனில் சொன்னாள். ஏறவில்லை.

"அடுத்த லீவு எப்பம்னு எனக்கே தெரியாது மதினி. ஒரு பிடி மண்ணு போடக்கூட நான் இல்லாம போயிட்டேன். இதையாவது செய்யுதேன். நூறு வருஷம் ஆனாலும் அசையாதுன்னு கடைக்காரர் சொல்லுதார்."

கடைக்காரருக்கு என்ன? கல் விற்றால் சரி.

முகத்தைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. சரி என்றேன். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்ப் பாத்திரத்தின் மேல் கோபத்தைக் காட்டினேன்.

அக்டோபர் 8, புதன்

சாயங்காலம் பெண்கள் வேதபாடம். புதிய வானம், புதிய பூமி. சபைக்குப் புதிதாக வந்திருக்கிற போதகர் ஐயா நடத்தினார். வயசு குறைவு, சத்தமும் குறைவு. நல்லதுதான்.

நான் இத்தனை நாள் நினைத்திருந்தது வேறு. இந்தப் பூமி எரிந்து போகும், நாமெல்லாம் மேலே எங்கோ வெள்ளை உடுப்போடு பாடிக்கொண்டிருப்போம் என்று. ஐயா சொன்னார்: "தாம் உண்டாக்குன பூமியை நல்லதுன்னு சொன்னவர் ஆண்டவர். அதைக் குப்பையில போட்டுட்டு வேற ஒண்ணு செய்யப் போறார்னு நினைக்காதீங்க. இதைத்தான் புதுசாக்குவார். இந்த மண்ணும் அந்த நாளுக்காகத்தான் ஏங்கிக்கிட்டிருக்கு. பிள்ளைப்பேறு வலி மாதிரி."

பிள்ளைப்பேறு என்றதும் பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. கேட்டேவிட்டேன். "அப்ப சரீரமும் இதேதானா ஐயா? எங்க வீட்டுக்காரவியளுக்கு இடது கையில சுண்டுவிரல் பாதி கிடையாது. சின்ன வயசுல சோளத்தட்டை வெட்டுத மிஷின்ல போனது. அது முளைச்சு வருமா? முளைச்சு வந்தா எனக்கு அடையாளம் தெரியாதே."

எல்லாரும் சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. "ஆண்டவர் உயிரோட எந்திரிச்சு வந்தப்ப கையில தழும்பு இருந்ததும்மா. அதைக் காட்டித்தான் நான்தான்னு சொன்னார். விரல் காரியம் எனக்குத் தெரியாது. ஆனா அடையாளம் தெரியாம போகாது."

தெரியாது என்று சொல்லுகிற போதகரை இப்போதுதான் பார்க்கிறேன். மனசுக்குப் பிடித்துப் போனது. வரும் வழியெல்லாம் அந்தப் பாதி விரல் ஞாபகம். சோறு பிசையும்போது அது மட்டும் தனியாக நிற்கும்.

அக்டோபர் 10, வெள்ளி

கல்லறைத் தோட்டத்தில் வேலை நடக்கிறது. த.ராஜ் காலையிலேயே போய்விடுகிறான், சோறு அங்கேதான்.

வழியில் முத்தக்கா. ஆவணியில் எங்கள் காட்டில் ராத்திரி ஆடுகளை அடைத்து ஆட்டுக்கிடை போட்டவள். உரத்துக்குக் கிடை, கிடைக்குக் கூலி நெல், அதற்கு மேல் மணிக்கணக்கில் பேச்சு. ஐயா சொன்னதை அவளிடம் சொன்னேன்.

"உங்க சாமி புதுசாக்குத பூமியில ஆடு உண்டுமா?"

"ஓநாயும் ஆட்டுக்குட்டியும் சேந்து மேயுமாம்."

கையிலிருந்த கோலைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். "அப்பம் நாய் வேண்டாம். நாய்ச்சோறு மிச்சம்." பிறகு, "நல்ல பூமிதான். அங்கன மழை பெய்யுமான்னு கேளு தாயி, பெய்யும்னா நானும் வாரேன்" என்றாள்.

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் வீட்டுக்கு வந்து அவள் பெயரையும் சொல்லி ஜெபம் பண்ணினேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஆராதனை முடிந்து மழைக்காக விசேஷ ஜெபம். சபை முழுக்க முழங்கால். எல்லாருமே விதைத்துவிட்டு நிற்கிறவர்கள், ஜெபத்தில் நடிப்பு இல்லை. த.ராஜ் எல்லாரும் எழுந்த பிறகும் எழவில்லை. கண்ணை இறுக்க மூடி, உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. இவ்வளவு பக்தியா என்று நினைத்தேன். காடு எனக்குத்தானே, இவனுக்கு என்ன இத்தனை அக்கறை என்று மனசு குளிர்ந்து போனது.

பிரமாணத்தில் இன்றைக்கும் மௌனம்.

ஸ்தோத்திரம்: பெரிய வாளி ஓட்டை இல்லை, அடியில் இருந்தது வெறும் அழுக்கு. மகள் தீபாவளி லீவுக்கு வருவாள் போலிருக்கிறது. (வரமாட்டாளாம். டிக்கெட் இல்லையாம். ராத்திரி போன்.)

அக்டோபர் 14, செவ்வாய்

கல்லறை முடிந்தது. கறுப்புக் கல், முகம் தெரிகிறது. செல்லத்துரை என்று பெரிய எழுத்து, கீழே பிறந்த தேதி, அதற்கும் கீழே இறந்த தேதி. த.ராஜ் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்கத் துடைக்கப் புழுதி வந்து உட்கார்ந்தது.

"எப்படி இருக்கு மதினி?"

"நல்லா இருக்குப்பா."

வெயிலில் தொட்டால் சுட்டது. அவர் போர்வைகூடக் கனமாக இருந்தால் உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்குகிறவர். இத்தனை கனத்தை மேலே வைத்திருக்கிறோமே என்று இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே எழுதுவதோடு சரி.

அக்டோபர் 16, வியாழன்

மழை! மூன்று மணிவாக்கில் எட்டயபுரம் பக்கம் கறுத்தது. நாலு மணிக்குப் பிடித்தது. பேய் மழை. துணியெல்லாம் கொடியிலேயே. போகட்டும். வாசலில் நின்று நனைந்தேன், தெருவே நனைந்தது. எதிர் வீட்டு அண்ணாச்சி குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நனைகிறார். "ஆண்டவரே, ஆண்டவரே" என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை.

திரும்பிப் பார்த்தால் த.ராஜ் முகம் வெளுத்துப் போய் நிற்கிறான். மாட்டுக் கொட்டகையிலிருந்த தார்ப்பாயை உருவினான், தலையில் போட்டுக்கொள்ளவில்லை, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடினான். கல்லறைத் தோட்டத்துக்கு. இருட்டும்போதுதான் வந்தான், சொட்டச் சொட்ட. சுக்குக் காப்பி கொடுத்தேன். குடித்தான்.

அக்டோபர் 17, வெள்ளி

காலையில் அவன் படுக்கை காலி. எங்கே போயிருப்பான் என்று தெரியும். செருப்பில் களி அப்பி அப்பிக் கால் தூக்க முடியவில்லை, கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

கல்லறைத் தோட்டத்து வாசலிலிருந்தே தெரிந்துவிட்டது. ஒரு பக்கம் அமுங்கி, ஒரு பக்கம் பொங்கி, கல் குறுக்கே இரண்டாகப் பிளந்திருந்தது. பக்கத்தில் தார்ப்பாய். சேற்றில் சம்மணம் போட்டு அவன்.

"ஏலே, எந்திரி. சேறு."

"மதினி, ஞாயித்துக்கெழம எல்லாரும் மழை கேட்டு ஜெபம் பண்ணுனாங்கல்லா. நான் மட்டும் வேண்டாம்னு கேட்டேன். நான் பிளைட் ஏறுத வரைக்கும் பெய்யக் கூடாதுன்னு."

சிரிப்பதா அடிப்பதா? "ஊரு முழுக்க வெதச்சிட்டு வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. நீ ஒருத்தன் கேட்டா ஆண்டவர் கேட்டுருவாராக்கும்?"

"அண்ணனுக்கு அழியாததா ஒண்ணு செய்யணும்னு நெனச்சேன் மதினி. ஒரு மழை தாங்கலையே." அதற்குப் பிறகு அழுகை. தை மாதத்தில் மஸ்கட்டில் தனியாக ஓர் அறைக்குள் அடக்கி வைத்திருந்த அழுகை அத்தனையும். அவன் அம்மா செத்தபோதுகூட இப்படி அழுது நான் பார்த்ததில்லை.

நானும் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். சேலை போனால் போகிறது.

"அழியாதது இந்தக் கல்லு இல்லலே. உங்க அண்ணந்தான். ஆண்டவர் பேர் சொல்லிக் கூப்பிடுத அன்னைக்கு இந்த மண்ணுக்குள்ள இருந்துதான் எந்திரிப்பாவ. ஆவி மட்டுமில்ல, கை காலோட, அந்த விரலோட. இந்த மண்ணையும் அவர் கைவிடமாட்டார், இதுவும் புதுசாகும். கல்லு அப்படியே இருந்திருந்தா எந்திரிக்கையில மண்டையிலதான் இடிச்சிருக்கும்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான். அண்ணனுக்கு இருந்த அதே சிரிப்பு, ஒரு பக்கம் கோணும்.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் உறைத்தது. ஒன்பது மாதமாக வராத வார்த்தை. அவனைத் தேற்றுவதற்காகச் சொன்னது இல்லை. தேற்றத்தான் வாயைத் திறந்தேன், திறந்த பிறகு வந்தது என் நம்பிக்கை. அது போகவே இல்லை போலிருக்கிறது, உள்ளேதான் இருந்திருக்கிறது. கால் கழுவின செம்போடு வெகுநேரம் நின்றேன். நன்றி ஆண்டவரே. வேறு என்ன சொல்ல.

அக்டோபர் 18, சனி

கொத்தனார் ஆள் கூட்டி வந்து கல்லை எடுத்தார். "நான் அன்னைக்கே சொன்னேன்லா" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரிய மனசு. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

பெயரும் பிறந்த தேதியும் மேல் பாதியில் முழுசாக இருந்தன. அதைத் தலைமாட்டில் நட்டாயிற்று. இறந்த தேதி இருந்த பாதி வேலியோரம். மேலே வெறும் மண். மழையில் வெடிப்பெல்லாம் மூடி ஒன்று சேர்ந்திருந்தது.

"இறந்த தேதி இல்லாம நிக்குதே மதினி?"

"நிக்கட்டும். அவசரம் ஒண்ணுமில்ல."

அக்டோபர் 19, ஞாயிறு

பிரமாணம் முழுசும் சொன்னேன். அந்த இடத்தில் சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது போல, முன்வரிசையில் இரண்டு தலை திரும்பியது. திரும்பட்டும்.

சாயங்காலம் முத்தக்கா வீட்டிலிருந்து தீபாவளி முறுக்கும் அதிரசமும். இங்கிருந்து பேரீச்சம்பழம் போனது.

அக்டோபர் 21, செவ்வாய்

உளுந்து முளைத்துவிட்டது. எறும்பு தின்றது போக, குருவி தின்றது போக, வரிசை வரிசையாக. தெற்கு மூலையில் மட்டும் சொட்டை, அங்கே ஊன்றி விட வேண்டும். போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். "என்னம்மா இது, ஒண்ணுமே தெரியல" என்கிறாள். பெங்களூரில் இருந்தால் கண்ணுக்கு என்ன தெரியும்?

ஸ்தோத்திரம். எண்ண முடியவில்லை, அதனால் எழுதவில்லை.

அக்டோபர் 22, புதன்

தூறல். த.ராஜ் கிளம்பினான். கோவில்பட்டி ஸ்டேஷன் வரை நானும் போனேன். பை நிறையக் கடலை மிட்டாய், ஊறுகாய், கருவாடு. கருவாட்டை நான்கு கவரில் சுற்றியும் வாடை.

ரயில் அறிவித்த பிறகு மெதுவாக ஆரம்பித்தான். "மதினி, ஒரு காரியம். எனக்கு அங்கன எது ஆனாலும் இங்கன கொண்டு வந்திரணும். அண்ணனுக்குப் பக்கத்துல."

"ஊருக்குப் போற நேரத்துல பேசுத பேச்சாலே இது?"

"இல்ல மதினி. அண்ணன் போகும்போதுதான் நான் கூட இல்ல. எந்திரிக்கும்போது பக்கத்துல இருக்கணும். அதுக்கு எவங்கிட்டயும் லீவு கேக்க வேண்டாம்லா."